பத்துக்கு எட்டில் ஒரு டீச்சர்

யமகதா, ஜப்பான்
21 ஏப்ரல் 2024, ஞாயிறு

அன்புள்ள இனியா அப்பாவுக்கு,

இங்கே எனக்குக் குளிரைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. அங்கே நீங்களும் மகளும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ஓட்டல் பார்சல் என்று பதில் வந்தால் எனக்குக் கோபம் வரும், இப்போதே சொல்லிவிட்டேன்.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனை எடுத்ததும் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். ஒரு பக்கம் இனியா, ஒரு பக்கம் உங்கள் அண்ணன், போதாததற்குக் கடைக்கு வந்த கஸ்டமர் வேறு "டீச்சர், அங்க மழையா?" என்று கேட்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்களுக்கு முன்னால் மகள் படித்துவிடுகிறாள். நாம் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ள இனி தபால்காரர்தான் தயவு பண்ண வேண்டும்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். ஏஜென்சிக்காரர்கள் என்னை மூன்று ஆரம்பப் பள்ளிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பு அந்தந்த வகுப்பாசிரியருடையது. நான் உதவி ஆங்கில ஆசிரியை. அவர் பாடம் நடத்துவார், நான் பக்கத்தில் நின்று உச்சரித்துக் காட்டுவேன், பிள்ளைகளை விளையாட்டுக் காட்டிப் பேச வைப்பேன், மதியம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். சோறு பரிமாறுவதும் பிள்ளைகள்தான், கூட்டிப் பெருக்குவதும் பிள்ளைகள்தான். நம் இனியாவை ஒரு வாரம் இங்கே கொண்டு வந்து விட வேண்டும்.

பெரிய பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு எண்டோ என்று ஒரு ஆசிரியர். என் வயதுதான் இருக்கும். இங்கிலீஷ் என்றால் மனிதருக்கு வியர்த்துவிடுகிறது. இருந்தாலும் பிள்ளைகள் முன்னால் தப்பும் தவறுமாகப் பேசுகிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அவரும் கூடச் சிரிக்கிறார். எங்கள் வேலப்பன்சாவடிப் பள்ளியில் பிள்ளைகள் தமிழில் வாய் திறந்தால் அபராதம் வாங்குவோமே, அதை அவரிடம் சொன்னேன். அவர் நான் ஏதோ ஜோக் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

ஆன்லைன் இன்டர்வியூ அன்றைக்கு உங்கள் பேனர் கடையில் எனக்குப் பின்னால் புத்தக அலமாரியை பிளெக்ஸில் அடித்து மாட்டினீர்களே, நினைவிருக்கிறதா? ஏஜென்சி மேனேஜர் இன்னமும் என் வீட்டு லைப்ரரியைப் பற்றி விசாரிக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வருடம்தான். மார்ச் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும்தான்.

உங்கள்
சுதா

*

நசரத்பேட்டை
9 மே 2024

அன்புள்ள சுதா டீச்சருக்கு,

நான் பேனா பிடித்துப் பல வருடம் ஆகிறது. கடையில் எல்லாம் கீபோர்டுதான். எழுத்து கோணலாக இருந்தால் ஸ்கேலை எடுக்காதே.

பார்சல் கிடையாது, உன் மேல் சத்தியம். காலையில் நானே சமைக்கிறேன். சாம்பார் நன்றாக வருகிறது, வத்தக்குழம்பு வரவில்லை. "அப்பா, இது இன்னாது?" என்று உன் மகள் கிண்ணத்தை மோந்து பார்க்கிறாள். மோந்து பார்த்துவிட்டு இரண்டு தடவை போட்டுச் சாப்பிடுகிறாள். தலை பின்னுவதற்கு மட்டும் பக்கத்துத் தையல் கடை சபீனா அக்காவிடம் பாடம் கேட்டேன். இப்போது ரெட்டைச் சடை என் கைக்கு வந்துவிட்டது. ஒன்று மேலே ஒன்று கீழே இருக்கும், அவ்வளவுதான்.

அண்ணனைப் பற்றியும் சொல்கிறேன். ஜெயராமன் அண்ணன் எப்போதும் போல பிளாட் புரோக்கர் வேலையில் பிஸி. எங்கள் நிலத்தில் பாதி ரோட்டுக்குப் போனது, மிச்சத்தை இவரே பிளாட் போட்டு விற்றார், இப்போது அடுத்தவர் நிலம். போன வாரம் டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்கிறார்: "பொண்டாட்டிய ஃபாரின் அனுப்பிட்டு நம்ம கிருபா ஊட்ல சோறு ஆக்கிகினு கீறான்." எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஆமாண்ணே, நல்லாவே ஆக்கறேன், ஒரு நாள் சாப்புட வா" என்றேன். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. இந்த ரோட்டில் யார் பெண்டாட்டி ஜப்பான்காரனுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறாள்? ஆவடி குவார்ட்டர்ஸில் டாங்கி ஃபாக்டரிக்காரர் மகளாகப் பிறந்து, சென்ட்ரல் ஸ்கூலில் படித்து, எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்து, கடைசியில் என் கடையிலிருந்து பிளைட் ஏறியிருக்கிறாய். கடைக்கு வருகிற ஒருத்தரையும் நான் இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. பத்திரிகை அடிக்க வந்தவர் பத்திரிகையை மறந்துவிட்டுப் போன கதையும் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் உன்னோடு எனக்கு ஒத்துவரவில்லை. அந்த "உதவி"யை ஏன் வாய் நிறையச் சொல்கிறாய்? எங்கள் தொழிலில் "துணை", "இணை", "உதவி" எல்லாம் எறும்பு சைஸில்தான் போடுவோம். அதற்குப் பக்கத்தில் வருகிற "செயலாளர்" மட்டும் யானை சைஸ். கேட்கிறவர்களிடம் நான் ஆங்கில ஆசிரியை என்றுதான் சொல்கிறேன்.

நீ வகுப்பில் நிற்பதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஒரு படம் அனுப்பு.

உன்
கிருபா

*

யமகதா
23 ஜூன் 2024, ஞாயிறு

அன்புள்ள இனியா அப்பாவுக்கு,

படத்தை நேற்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், பார்த்திருப்பீர்கள். பள்ளித் தோட்டத்தில் பிள்ளைகளோடு எண்டோ எடுத்தது. இதை உங்களுக்கும் இனியாவுக்கும் மட்டும் அனுப்பியிருக்கிறேன். ஸ்டேட்டஸில் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகளின் படம் வெளியே போகக் கூடாது என்று இங்கே விதி. அனுப்பியதே தப்புதான். நீங்கள் கேட்டு நான் எதை இல்லை என்றிருக்கிறேன்?

உதவி என்ற சொல்லுக்கு வருகிறேன். அதை எறும்பு ஆக்க நான் சம்மதிக்க மாட்டேன். போன மாதம் எண்டோ ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தார். பாடத்துக்கு முன்னால் தன்னோடு கொஞ்ச நேரம் பேசிப் பழக முடியுமா என்று கேட்டார். இப்போது வகுப்பை அவரே இங்கிலீஷில் ஆரம்பிக்கிறார். நேற்று என்ன சாப்பிட்டார், மகன் என்ன குறும்பு செய்தான் என்று இரண்டு மூன்று வாக்கியம். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள், ஏனென்றால் அது அவர்களுடைய சார் பேசுவது. நான் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அப்படிக் கேட்க மாட்டார்கள். அவர் பேசும்போது நான் ஓரமாக நிற்கிறேன். ஒன்பது வருடம் வேலப்பன்சாவடியில் நடுவில் நின்று கத்தியதைவிட இந்த ஓரம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. உங்களுக்குப் புரிகிறதோ இல்லையோ, எழுதி வைக்கிறேன்.

அந்த வேலையை விட்டு வந்தபோது பள்ளி கரஸ்பாண்டன்ட் சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. "அங்க உன்ன யாரும்மா எடுப்பாங்க, வெள்ளக்காரங்களத்தான் எடுப்பாங்க" என்றார். அதை உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கு முழுக்க நீங்கள் சாப்பிடவில்லை.

வத்தக்குழம்புக்குப் புளியைக் குறையுங்கள். சபீனா அக்காவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

உங்கள்
சுதா

*

நசரத்பேட்டை
6 செப்டம்பர் 2024

அன்புள்ள சுதா டீச்சருக்கு,

இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது உட்கார்ந்துகொண்டு பிரி. உள்ளே ஒரு போட்டோ பிரிண்ட் இருக்கிறது.

பார்த்தாயா? நேற்று ஆசிரியர் தினம். ஊருக்கெல்லாம் பிறந்த நாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று அடித்துத் தருகிறேன். என் வீட்டு ஆளுக்கு இதுவரை ஒன்றுகூட அடித்ததில்லை. மனசு கேட்கவில்லை. பத்தடிக்கு எட்டடி, மொத்தம் மூன்று. ஒன்று கரையான்சாவடி சிக்னலில், ஒன்று நம் தெரு முனையில். மூன்றாவதை எங்கே கட்டினேன் என்று நீயே சொல்வாய். வேலப்பன்சாவடியில் உன் பழைய பள்ளி கேட்டுக்கு நேர் எதிரே கட்டினேன். கரஸ்பாண்டன்ட் காரிலிருந்து இறங்கியதும் உன் முகத்தில்தான் விழித்தாக வேண்டும். அவர் இறங்கி நின்று கடைசி வரி வரைக்கும் படித்ததை எதிர்க் கடையில் நின்று நானே பார்த்தேன். எனக்கு அது போதும்.

"ஜப்பான் அரசுப் பள்ளித் தலைமை ஆங்கில ஆசிரியை, எங்கள் குடும்பத்தின் பெருமை, சுதா கிருபாகரன் எம்.ஏ., பி.எட்." என்று போட்டேன். தலைமை கொஞ்சம் ஜாஸ்திதான், சண்டைக்கு வராதே. நடுவில் நீ, தலைக்குப் பின்னால் சூரியக் கதிர், ஒரு பக்கம் பனிமலை, ஒரு பக்கம் பூ மரம். உன்னைச் சுற்றி உன் பிள்ளைகள். நீ அனுப்பிய படத்திலிருந்து ஒவ்வொரு முகமாக வெட்டி எடுத்து, பெரிதாக்கி, பளிச்சென்று வைத்தேன். உங்களுக்குப் பின்னால் தெரிந்த பள்ளி போர்டில் இருந்த ஜப்பான் எழுத்தைக்கூட விடவில்லை. அப்படியே எடுத்து உச்சியில் ஒட்டினேன். பார்க்கிறவர்கள் எல்லாம் அந்த எழுத்தைத்தான் கேட்கிறார்கள்.

நீ ஸ்டேட்டஸில் போடாதே என்றாய், போடவில்லை. இது நம் ஊர் ரோடு, இங்கே எந்த ஜப்பான்காரன் வந்து பார்க்கப்போகிறான்?

இன்னொரு தமாஷ். கீழ் வரிசையில் வாழ்த்துவோர் முகங்கள் வைத்தேன் அல்லவா, நான், இனியா, உன் அப்பா, கடைப் பையன்கள். முந்தின நாளே அண்ணன் வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னாடா, எம்மூஞ்சி இவ்ளோ சின்னதா கீது?" என்று ஒரே ரகளை. டீக்கடையில் என்னைக் கிண்டல் பண்ணிய அதே அண்ணன்தான். பெரிதாக்கிவிட்டேன்.

சிக்னலில் பஸ் நிற்கும்போது ஜனங்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, சுதா.

உன்
கிருபா

*

யமகதா
22 செப்டம்பர் 2024, ஞாயிறு

இனியா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுதான் வந்தது. பேனர் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

போனில் பாதி சொல்வதற்குள் நான் அழுதுவிட்டேன், நீங்கள் "கழட்டிடறேன், கழட்டிடறேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். சிக்னலில் யாரோ ஒரு பையன் பேனரைப் படம் பிடித்து "நம்ம ஊர் பெருமை" என்று ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறான். அதை ஜப்பானில் இருக்கிற தமிழர்கள் ஒரு குழுவில் பகிர்ந்திருக்கிறார்கள். எங்கள் ஏஜென்சியில் வேலை செய்யும் ஒருவர் பார்த்துவிட்டு மேனேஜரிடம் காட்டினார். பிள்ளைகள் எந்தப் பள்ளி என்று தேட வேண்டிய வேலையே இல்லை. நீங்கள்தான் பள்ளிப் பெயரை உச்சியில் ஒட்டி வைத்திருக்கிறீர்களே.

அந்தப் படத்தில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். பெயர் எழுத மாட்டேன், நீங்களும் இதை யாரிடமும் சொல்லாதீர்கள். அவள் அம்மா புருஷனின் அடி தாங்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து, இருக்கிற இடம் தெரியாமல் வாழ்கிறார். மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. நீங்கள் அந்தக் குழந்தையின் முகத்தை ஒரு அடி உயரத்துக்குப் பெரிதாக்கி, பளிச்சென்று ஆக்கி, பள்ளியின் பெயரையும் போட்டு நடு ரோட்டில் கட்டியிருக்கிறீர்கள்.

அவளைப் பற்றி எனக்கும் இப்போதுதான் சொன்னார்கள். ஆனால் விதி எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தே அனுப்பினேன். அதனால் முழுப் பழியையும் உங்கள் மேல் போட எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏஜென்சி என்னை விலக்கிவிட்டு வேறு ஆளை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறது. பள்ளித் தலைமை ஆசிரியர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்கப் போவதாகவும், நானும் கூட வர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அந்தக் குழந்தையின் அம்மா வேண்டாம் என்றால் நான் இந்த மாதமே பெட்டி கட்ட வேண்டியதுதான். அதுவரைக்கும் அந்தப் பள்ளிப் பக்கமே போகக் கூடாது. மற்ற இரண்டு பள்ளிகளுக்குப் போய் வருகிறேன். எண்டோ தினமும் ஒரு வரி மெசேஜ் அனுப்புகிறார், பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று.

எனக்கு வேலை போவதைப் பற்றிக்கூட இல்லை. அந்த அம்மா இன்றைக்குக் கதவை எத்தனை தடவை பூட்டிப் பார்த்திருப்பார் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

சுதா

*

நசரத்பேட்டை
4 அக்டோபர் 2024

அன்புள்ள சுதாவுக்கு,

மூன்றையும் நீ போன் வைத்த உடனே போய் நானே இறக்கிவிட்டேன். பையன்களை அனுப்பவில்லை. இறக்கியதை வெட்டித் துண்டு துண்டாக்கிவிட்டேன். படம் போட்ட பையனைக் கண்டுபிடித்து, எதிரில் உட்கார வைத்து அந்தப் படத்தை அழிக்க வைத்தேன். அவனிடமிருந்து யார் யார் எடுத்தார்கள் என்று பிடித்துப் போய், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் போனில் கெஞ்சி அழிக்க வைத்தேன். டோக்கியோவில் இருக்கிற அந்தக் குழுக்காரர் ரொம்ப நல்ல மனுஷன், விஷயத்தைச் சொன்னதும் உடனே எடுத்துவிட்டார். பிள்ளையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. பள்ளி விதி என்று மட்டும் சொன்னேன்.

பேனர் கட்டியபோது எனக்கு அது தப்பு என்று தோன்றவே இல்லை, சுதா, அதுதான் என்னை அறுக்கிறது. எங்கள் தொழிலில் மூஞ்சி விட்டுப்போச்சு என்று சண்டைக்கு வருவார்கள். ஏன் சின்னதாகப் போட்டாய் என்று சட்டையைப் பிடிப்பார்கள். என் மூஞ்சியை ஏன் போட்டாய் என்று இத்தனை வருடத்தில் ஒருத்தரும் வந்ததில்லை. மூஞ்சியைப் போட்டால் அது மரியாதை என்றுதான் எனக்குத் தெரியும். மறைந்து வாழ்கிற மனுஷி ஒருத்தி இருப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று உன்னிடம் வாதாடலாம். ஆனால் நீ "வெளியே போகக் கூடாது" என்று எழுதியிருந்தாய். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

சிக்னலில் நான் ஏணியில் ஏறி இறக்கும்போது கூட்டம் கூடிவிட்டது. அண்ணனும் வந்துவிட்டார். "இன்னாடா, வேல பூட்ச்சா?" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார். நான் ஏணியிலிருந்தே சொன்னேன்: "அவ மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எம்மேல. அவ தலைமை டீச்சர் இல்ல, உதவி டீச்சர். நான்தான் பெருசா போட்டுட்டேன்." கூட்டம் கலைந்தது. அண்ணன் மட்டும் கடைக்கு வந்து, வேலை போனால் போகட்டும், அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள், நல்லதுதானே என்று சமாதானம் சொன்னார்.

இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அரை நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. நீ வந்துவிடுவாய், காலையில் எழுந்தால் அடுப்படியில் உன் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். அப்புறம் எனக்கே அசிங்கமாகிவிட்டது. நான் பண்ணிய கூத்தில் உன் வேலை போய், அந்தச் சாக்கில் நீ வீட்டுக்கு வந்து, அதில் நான் சந்தோஷப்பட்டால் நான் என்ன ஆள்?

அந்த அம்மாவிடம் என் சார்பாகவும் மன்னிப்புக் கேள். தமிழ்நாட்டில் ஒரு முட்டாள் இருக்கிறான், கெட்டவன் இல்லை என்று சொல்.

கிருபா

*

யமகதா
1 டிசம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள இனியா அப்பாவுக்கு,

நல்ல சேதியைப் போனில் ஒரு வரியில் சொன்னேன், நீங்கள் அதையும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டீர்கள். முழுக் கதை இதில். வெளியே பனி கொட்டுகிறது, என்னால் எங்கேயும் போக முடியாது, அதனால் நீளமாகத்தான் எழுதுவேன்.

வீடு வீடாகப் போனோம். தலைமை ஆசிரியர், எண்டோ, நான். கதவு திறந்ததும் தலைமை ஆசிரியர் இடுப்பை வளைத்துக் குனிந்துவிடுவார், நானும் குனிவேன். அவருக்கு முதுகு வலி உண்டு, எனக்குத் தெரியும். ஏஜென்சி மேனேஜர் வந்து, இது ஏஜென்சி ஊழியர் செய்த தவறு, பள்ளி குனிய வேண்டியதில்லை என்று சொல்லிப் பார்த்தார். "இவர் எங்கள் ஆசிரியை. எங்கள் ஆசிரியை செய்தது எங்கள் தவறு" என்று அவர் சொல்லிவிட்டார். எண்டோ அதை எனக்கு மெல்ல இங்கிலீஷில் சொன்னபோது என்னால் நிமிர முடியவில்லை. ஒன்பது வருடம் வேலை பார்த்த இடத்தில் எனக்காக ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

மற்ற வீடுகளில் மன்னிப்பை ஏற்றுக்கொண்டார்கள். சிலர் டீ கொடுத்தார்கள். அந்த அம்மா வீட்டில் முதல் தடவை கதவு திறக்கவே இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை சங்கிலியை எடுக்காமல் கதவிடுக்கு வழியாகப் பேசினார். உங்கள் கணவர் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டார். பெருமையில் செய்தார் என்றேன். எண்டோ அதை ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. யார் மேல் பெருமை என்று கேட்டார். என் மேல் என்றேன்.

பிறகு அந்தப் பேனரைப் பார்க்க வேண்டும் என்றார். நீங்கள் அனுப்பிய பிரிண்ட் என் பையில் இருந்தது, இடுக்கு வழியாகக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். முதலில் தன் மகளின் முகத்தைத்தான் பார்த்திருப்பார். அப்புறம் இது நீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எவ்வளவு பெரிது என்று கேட்டார். எண்டோ கையை விரித்துக் காட்டினார். நான் இன்னும் பெரிது, இந்தக் கதவைவிடப் பெரிது என்றேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சங்கிலி எடுக்கிற சத்தம் கேட்டது, கதவு முழுசாகத் திறந்தது.

அவர் சொன்னதை எண்டோ சொன்னபடியே எழுதுகிறேன்: "நாங்கள் விட்டு வந்த வீட்டில் என் படம் ஒரு சுவரிலும் இருந்ததில்லை. மனைவியை இப்படிக் கொண்டாடும் வீடும் உண்டு என்று என் மகள் தெரிந்துகொள்ளட்டும். நீங்கள் வகுப்புக்கு வாருங்கள்." அவர் புருஷன் இதுவரைக்கும் இங்கே வரவில்லை. பள்ளி காவலைக் கூட்டியிருக்கிறது. நான் தினமும் விசாரித்துக்கொள்கிறேன்.

உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த வாசலில்தான் போனது. அந்த அம்மாவுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது என்று அங்கே நிற்கும்போது தோன்றியது. இதை நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். தலைமை ஆசிரியர் அடுத்த வருடமும் நான்தான் வேண்டும் என்று ஏஜென்சிக்கு எழுதிவிட்டார். ஏப்ரலிலிருந்து மார்ச் வரை. ஜனவரிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இருக்க ஆசை. எண்டோவின் வகுப்பு ஆறாவதுக்குப் போகிறது, அதைப் பார்க்க ஆசை. ஆனால் ஒரு வருடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மகளை விட்டுவிட்டு நிற்பதற்கு எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. நீங்கள் வா என்று ஒரு வார்த்தை எழுதினால் வந்துவிடுகிறேன். வருத்தப்பட மாட்டேன். இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள்
சுதா

*

நசரத்பேட்டை
20 டிசம்பர் 2024

அன்புள்ள சுதா டீச்சருக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கடை சபீனா அக்கா உடம்பு சரியில்லையா என்று எட்டிப் பார்த்தது. நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். ஒரு பேனருக்கு ஒருவர் குனிந்து, ஒருவர் பயந்து, ஒருவர் சிரித்து, இவ்வளவு நடக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் தலைமை ஆசிரியரின் முதுகுக்கு இங்கிருந்து தைலம் அனுப்பியிருக்கிறேன், தனிப் பார்சல். என் வணக்கத்தையும் சேர்த்துக் கொடு.

இனியாவிடம் உன் கேள்வியைச் சொன்னேன். நான் மட்டும் முடிவு பண்ணினால் சரியில்லை. "அம்மா ஒரு வருஷம்னுதானே சொல்லிட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதில் அவள் மேல் தப்பே இல்லை. மூன்றாம் நாள் சடை பின்னும்போது தானாகவே ஆரம்பித்தாள். பேரம் பேசுகிறாள். மே லீவில் அவளை அங்கே கூட்டிப்போக வேண்டும், அந்தப் பள்ளியில் ஒரு நாள் சோறு பரிமாற விட வேண்டும், அப்படியென்றால் சரி என்கிறாள். பரிமாறுகிற விஷயத்தை நீ தலைமை ஆசிரியரிடம் கேள். பாஸ்போர்ட்டுக்கு நான் எழுதிப் போட்டுவிட்டேன், அவளுக்கும் எனக்கும்.

இப்போது என் பதில். உனக்குப் பொய் எழுத எனக்குத் தெரியாது. வீடு வீடாக இல்லை, சுதா. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினால் மூன்று பேர் அளவுக்கு வாங்கிவிட்டு, மிச்சத்தை அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். உன் பக்கத்துத் தலையணையை இனியா எடுத்துக்கொண்டாள், அவளிடமிருந்து வாங்க எனக்கு மனசில்லை. மார்கழிக் குளிரில் மெயின் ரோட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது, வா என்ற அந்த ஒரு வார்த்தை எனக்கு வாய் வரைக்கும் வருகிறது.

ஆனால் எழுத மாட்டேன். நான் எழுதினால் நீ அன்றைக்கே பெட்டி கட்டிவிடுவாய், எனக்கு உன்னைத் தெரியும். வந்து சமைப்பாய், மறுபடியும் ஏதாவது ஒரு பள்ளியில் சேர்ந்து அபராதம் வசூல் பண்ணுவாய், ஊர் சந்தோஷப்படும். எண்டோ பேசுவதை ஓரமாக நின்று கேட்டாயே, அதைப் பற்றிச் செத்தாலும் வாய் திறக்க மாட்டாய். என்னால்தான் வந்தாய் என்று ஒரு நாளும் சொல்லிக் காட்ட மாட்டாய். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அடுத்த வருடத்துக்கும் கையெழுத்துப் போடு.

உன்
கிருபா